புயல்முகன் மடக்கிய கட்டைவிரல்

அன்று காலையிலிருந்தே அவனுக்குக் கால் ஓரிடத்தில் தரிக்கவில்லை. லிஃப்ட் பழுது பார்க்கிறவனுக்கு இப்படி ஆனால் வேலை உருப்படுமா? உச்சிமாடி மோட்டார் அறையில் ஸ்பேனரை மறந்துவிட்டுக் கீழே வந்தான். அதை எடுக்க மேலே போனவன், எதற்கு வந்தோம் என்று தலையைச் சொறிந்துவிட்டு வெறுங்கையோடு இறங்கினான். கட்டடத்துக் காவலாளி, "என்னண்ணே, லிஃப்ட ரிப்பேர் பண்றீங்களா, இல்ல சவாரி போறீங்களா?" என்று கேட்டே விட்டார். சட்டைப் பையில் கைபேசி உறுமிக்கொண்டே இருந்தது. அதை எடுத்துப் பார்க்கவும் பயம், பார்க்காமல் இருக்கவும் பயம்.

எல்லாம் தானாக இழுத்துவிட்டுக்கொண்ட வம்பு. பகலில் லிஃப்ட், மிச்ச நேரமெல்லாம் காமிக்ஸ் என்று பிழைப்பு நடத்துகிற ஆள் அவன். பழைய சூப்பர்ஹீரோ புத்தகங்களையும், அதே பழைய பாணியில் இப்போது வருகிற புத்தகங்களையும் படித்து வாரம் தவறாமல் இணையத்தில் மதிப்புரை எழுதுவான். அந்தப் பகுதிக்குப் பெயர் 'கடைசிப் பக்கம்'. எந்தப் புத்தகமானாலும் முடிவைத்தான் முதலில் படித்து எடை போடுவான். முடிவு சப்பென்று இருந்தால் நடுவில் எத்தனை கட்டடம் இடிந்து விழுந்து என்ன பயன் என்பது அவன் கட்சி. அவன் 'தேறும்' என்று எழுதினால்தான் புத்தகத்தைத் தொடுவோம் என்கிற கூட்டமும் ஒன்று இருந்தது. அந்தக் கூட்டம்தான் இப்போது கைபேசிக்குள் உறுமிக்கொண்டிருந்தது.

அந்தக் கட்சிக்கு ஆதாரம் ஒரே ஒரு பக்கம். எட்டு வயதில் படித்த 'கடிகாரக் கோபுரத்தில் புயல்முகன்' என்ற இதழின் கடைசிப் பக்கம். வில்லன் பனிமூளை டாக்டர் தள்ளிவிட, புயல்முகன் கோபுர உச்சியிலிருந்து தலைகுப்புற விழுகிறான். அவ்வளவுதான், கதை முடிந்தது என்று நினைக்கும்போது, நொறுங்கிய கற்களுக்கு நடுவிலிருந்து எழுந்து முஷ்டியை உயர்த்துகிறான். 'இன்னும் வேலை பாக்கி இருக்கிறது' என்கிறான். அவன் சிவப்பு அங்கி வேறு எந்தப் பக்கத்திலும் இல்லாதபடி பளபளக்கிறது. உயர்த்திய முஷ்டியில் கட்டைவிரல் மட்டும் மற்ற நாலு விரல்களுக்குள் மடங்கியிருக்கிறது.

அந்தக் கட்டைவிரலைப் பற்றி இவன் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறான். "உலகத்தையே தூக்குகிறவன், பயந்த குழந்தை மாதிரி கட்டைவிரலைப் பொத்தி வைத்திருக்கிறான் பாருங்கள். வேறு எந்த ஓவியருக்கு வரும் இந்தத் துணிச்சல்? பயத்தைக் கைக்குள் வைத்துக்கொண்டே எழுவதுதான் வீரம்" என்று ஒருமுறை எழுதப்போக, வாசகர் ஒருவர் அதைச் சட்டையில் அச்சடித்துப் போட்டுக்கொண்டு திரிந்தார். ஒவ்வொரு மதிப்புரையையும் 'இன்னும் வேலை பாக்கி இருக்கிறது' என்றுதான் முடிப்பான். இத்தனைக்கும் அந்தப் புத்தகம் அவன் கையில் இல்லை. சின்ன வயதுக் காமிக்ஸ் பெட்டி முழுவதும் அக்கா வீட்டில் இருந்தது. அந்தப் பக்கம்தான் மனப்பாடமாயிற்றே, புத்தகம் எதற்கு என்று இருந்துவிட்டான்.

இந்த வாரம் அதே இதழ் மறுபதிப்பாக வந்தது. புதுப் பதிப்பகம், பழைய மணம். மஞ்சளடித்த தாள், கிட்டத்தில் பார்த்தால் புள்ளி புள்ளியாகப் பிரிகிற வண்ணம், கோட்டைத் தாண்டி வழிந்த நீலம், பக்கத்துக்குப் பக்கம் 'டமார்', 'படீர்', 'ஐயகோ'. தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து, இரண்டு முறை முகர்ந்து பார்த்துவிட்டு, தன் வழக்கத்தை மீறி முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்து ஆசை ஆசையாகப் படித்துக்கொண்டே போனான். கடைசிப் பக்கத்தைத் திருப்பினால், புயல்முகன் செத்துக்கிடந்தான்.

புத்தகத்தை டப்பென்று மூடினான். அப்புறம் என்ன, தலைகால் புரியாத கோபம். அசல் முடிவைத் தூக்கி எறிந்துவிட்டு, இந்தக் காலத்துச் சோகத்தை ஒட்டவைத்து ஊரை ஏமாற்றுகிறார்கள் என்று வெளுத்து வாங்கினான். சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு அசல் பக்கத்தையே படம் எடுத்துப் போடுகிறேன், பாருங்கள் என்று சவாலும் விட்டான். இன்று சனிக்கிழமை.

காலையில் பதிப்பகத்துப் பெண்மணி அழைத்திருந்தார். கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை, பாவம், குரல் நடுங்கப் பேசினார். "சார், பழைய அச்சகத்து ஃபிலிம்லேருந்து அப்படியே எடுத்தோம். ஒரு புள்ளிகூட மாத்தல. உங்க பேச்சக் கேட்டுக் கடைக்காரங்க கட்டுக்கட்டா திருப்பி அனுப்புறாங்க. உங்க பக்கத்தக் காட்டுங்க சார். தப்பு எங்க மேலன்னா நாங்களே பதிப்பகத்த இழுத்து மூடிடுறோம்."

தப்பு அவர்கள் மேல் இல்லையென்றால் யார் மேல் என்கிற கேள்வி அப்போதுதான் அவனைக் கடிக்க ஆரம்பித்தது. மதியத்துக்கு மேல் வேலையைப் பாதியில் போட்டுவிட்டு அக்காவிடம் ஓடினான்.

அக்கா கேக் போடுகிறவள். தெருமுனைக் கடையின் பின்கட்டில் அவள் ராஜ்ஜியம். ஒரு பக்கம் அடுப்பு அனல், மறுபக்கம் குளிர்பெட்டியின் முணுமுணுப்பு, நடுவில் எஃகு மேஜை. யாரோ ஒரு குழந்தையின் பிறந்தநாளுக்காக ஒரு சூப்பர்ஹீரோவை கேக்கின் மேல் இறக்கிக்கொண்டிருந்தாள். இடது கையில் க்ரீம் நிரப்பிய கூம்புப் பை.

"வாடா. எதையும் தொடாத. முதல்ல கையக் கழுவு."

"அக்கா, அந்தப் புயல்முகன் புத்தகம் எங்க? மூணு நாளா கேக்குறேன், பிடி குடுக்க மாட்டேங்குற."

"கரையான் தின்னுடுச்சு."

"போன மாசம் பரண்ல இருக்குன்னு சொன்னியே?"

"பரணையும் சேர்த்துத் தின்னுடுச்சு."

"விளையாடாதக்கா! ஆறு மணிக்குள்ள அந்தப் பக்கத்தப் போடலன்னா என் மானம் கப்பலேறிடும். போடலன்னா நான் பொய்யன். போட்டா அந்தப் பொம்பளயோட பதிப்பகம் காலி."

"அப்ப போடாத. பொய்யனா இரு. உலகம் ஒண்ணும் முழுகிடாது." அவள் நிமிராமலே சொன்னாள். ஆனால் குரலில் வழக்கமான நக்கல் இல்லை.

அவன் அடுப்புக்கும் குளிர்பெட்டிக்கும் நடுவே நடந்தான், திரும்பினான், மறுபடி நடந்தான். "டேய், நீ நடக்குற நடையில கேக்கு ஆடுது. ஒரு எடமா நில்லு" என்று அதட்டினாள். நின்றான். நின்றதும் பழக்கதோஷத்தில் கேக்கைப் பார்த்தான். பெல்ட் கோணலாக இருக்கிறது என்று சொல்ல வாயைத் திறந்தவன், அந்த வீரனின் உயர்த்திய முஷ்டியைப் பார்த்தான். திறந்த வாய் திறந்தபடியே நின்றது.

"அக்கா. கட்டைவிரல்."

"கட்டைவிரலுக்கு என்ன?"

"உள்ள மடக்கியிருக்க."

"எனக்குக் கை அப்படித்தான்டா வரும். தின்னுட்டுப் போறவங்க யாரும் இதுவரைக்கும் புகார் சொன்னதில்..."

அவள் பேச்சு அறுந்தது. கூம்புப் பையிலிருந்து ஒரு பெரிய க்ரீம் உருண்டை வீரனின் மூக்கில் தொப்பென்று விழுந்தது. இரண்டு பேரும் அதைத் துடைக்கவில்லை.

அவள் கையைத் துடைத்துக்கொண்டு, மாவு டப்பாக்களுக்குப் பின்னாலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்து மேஜையில் வைத்தாள். உள்ளே அந்தப் புத்தகம்.

பழைய புத்தகங்களில் எது அசல், எது ஒட்டு என்று ஊருக்கே பாடம் எடுக்கிறவன் அவன். கடைசிப் பக்கத்தைத் தொட்ட மாத்திரத்தில் விரல் சொல்லிவிட்டது. தாள் தடிமன், பள்ளிக்கூட ஓவிய நோட்டுத் தாள். ஓரத்தில் பசை காய்ந்து பழுத்திருந்தது. அச்சு வண்ணம் மாதிரியே தெரியட்டும் என்று ஸ்கெட்ச் பேனாவால் ஒவ்வொரு புள்ளியாக, ஒவ்வொரு புள்ளியாக அக்கா குத்தியிருந்தாள். அங்கியின் பாதியில் புள்ளிகள் நின்றுபோய், வேறு ஏதோ சிவப்பு பளபளத்தது.

"இது என்னது?"

"சிவப்பு பேனா தீர்ந்துபோச்சு. அம்மாவோட நகப்பூச்சு."

அச்சுக்கலையின் அதிசயம் என்று அவன் உருகி உருகி எழுதிய பளபளப்பு அதுதான். சிரிப்பதா அழுவதா என்று அவனுக்குத் தெரியவில்லை.

"ஏன்க்கா?"

"ஏனா? மறுநாள் உனக்கு நெஞ்சுல ஆபரேஷன். புயல்முகன் பொழைச்சா நானும் பொழைப்பேன்னு ஆஸ்பத்திரியில பாக்குற நர்ஸ்கிட்டயெல்லாம் சொல்லிக்கிட்டுக் கெடந்த. கடையிலேருந்து புத்தகத்த வாங்கிட்டு வந்து, ஆஸ்பத்திரி மாடிப்படியில உக்காந்து நான் முதல்ல படிக்கிறேன், அந்தப் பாவி செத்துக் கெடக்கான்! எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. அவங்க இஷ்டத்துக்கு முடிச்சுட்டா நான் உட்டுடணுமா? சாயங்காலம் நீ மருந்து குடிச்சுத் தூங்கினப்ப, உன் கட்டில் பக்கத்துலயே உக்காந்து வரைஞ்சேன். முகமெல்லாம் முன்னாடி பக்கத்தப் பாத்துப் போட்டுட்டேன். முஷ்டி மட்டும் வரவே மாட்டேன்னுடுச்சு. உன் கையப் பாத்து வரைஞ்சேன்."

"என் கைய?"

"தூக்கத்துலயும் கட்டைவிரல உள்ள பொத்திக்கிட்டுத்தான் கெடந்த. அதுலேருந்து எனக்கு முஷ்டின்னா அதான்."

அவன் சட்டைக்குள் பழைய தழும்பு குறுகுறுத்தது. ஆறு மணிக்கு இன்னும் கொஞ்ச நேரமே இருந்தது.

"அந்தப் புது புத்தகத்தோட கடைசிப் பக்கத்த முழுசா படிச்சியா?" என்று அக்கா கேட்டாள்.

"செத்துட்டான்னு பாத்ததும் மூடிட்டேன்."

"உனக்கு மூட முடிஞ்சுது. இத்தனை வருஷமா அவன் செத்தது நம்ம வீட்டுல எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும். நீ என்னடான்னா அவன் எந்திரிச்சான் எந்திரிச்சான்னு ஊரெல்லாம் எழுதுற. படிச்சுட்டு மூச்சு விடாம இருக்குறது எவ்வளவு கஷ்டம் தெரியுமாடா? எடு. எனக்குத் துணைக்கு நீயும் படி."

பையிலிருந்து மறுபதிப்பை எடுத்தான். மாவு படிந்த மேஜையில் இரண்டு பேரும் தலையைச் சேர்த்துக்கொண்டு படித்தார்கள். கற்களுக்கு நடுவில் புயல்முகன் மல்லாந்து கிடந்தான். அங்கி அவன் முகத்தை மூடியிருந்தது. வலது கை மட்டும் வெளியே நீண்டு, ஐந்து விரலும் விரிந்து, வானத்தைப் பார்த்திருந்தது. பின்னால் கோபுரத்துக் கடிகாரம் மறுபடி ஓட ஆரம்பித்திருந்தது. ஊரைக் காப்பாற்றிவிட்டுத்தான் செத்திருக்கிறான். நல்ல பக்கம். அநியாயத்துக்கு நல்ல பக்கம். விரிந்த அந்தக் கையை வரைந்த ஓவியர் ஒன்றும் லேசுப்பட்ட ஆள் இல்லை என்று மதிப்புரைக்காரனின் புத்தி தானாகவே சொன்னது. கண் மட்டும் ஒத்துழைக்காமல் கலங்கியது.

முதலில் அந்தப் பெண்மணியை அழைத்தான். "தப்பு என்னோடது, மேடம். உங்க பதிப்பு சரி. இப்பவே எழுதிடுறேன். திருப்பி அனுப்புற கடைக்காரங்ககிட்டயும் நானே பேசுறேன்."

எதிர்முனையில் நீண்ட மூச்சு ஒன்று வெளிப்பட்டது. பிறகு, "அப்ப நீங்க பாத்த பக்கம், சார்?" என்றார்.

"அது ஒரே ஒரு பிரதிதான் வந்துச்சு, மேடம்."

நின்றபடியே கைபேசியில் எழுதினான். 'பதிப்பகத்தார்மேல் நான் சொன்ன பழி பொய். மன்னிப்புக் கேட்கிறேன். புயல்முகன் இறந்துதான் போனான். எனக்கு அது இன்றுதான் தெரியவந்தது. கடைசிப் பக்கத்தில் விரிந்திருக்கும் அந்தக் கையைப் பாருங்கள். தேறும்.' அக்காவின் பக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. முடிவில் வழக்கமான வரியைப் போடப்போனவன் நின்று, அவள் முகத்தைப் பார்த்தான்.

"இந்த வரி உன்னோடதுக்கா."

"தெரியும். வாரா வாரம் படிச்சுட்டுத்தான இருக்கேன்." மூக்கில் க்ரீம் அப்பிய வீரனைச் சுரண்டிச் சரிசெய்துகொண்டே சொன்னாள். "போட்டுக்கோ, பரவால்ல."

போட்டான். அனுப்பிவிட்டுக் கைபேசியை மேஜையில் வைத்தான். அடுத்த நொடியே அது உறும ஆரம்பித்தது. இத்தனை நாள் ஊதிவிட்ட காற்றெல்லாம் திரும்பி வருகிறது, வரட்டும் என்று நினைத்துக்கொண்டான்.

"டேய்" என்றாள் அக்கா. "கையத் திற. உன்ன இப்ப யாரும் ஆபரேஷனுக்குக் கூப்புடல."

குனிந்து பார்த்தான். வலது கை இறுகியிருந்தது, கட்டைவிரல் உள்ளே. ஒவ்வொரு விரலாகப் பிரித்தான். பிறகு அந்தக் கையாலேயே கைபேசியை எடுத்து, "சொல்லுங்க" என்றான்.