முதற் குளிர்த்தி நீர்

வைகாசி பிறந்தால் வாகரைப் பக்கத்து வாவிக்கு வாய் வறண்டுவிடும். மேற்கிலிருந்து எழும் கச்சான் காற்று கரையெல்லாம் உப்புப் பூக்கவைத்து, கண்டல் மர இலைகளைக் கருக்கி, மனிதர் நாவிலும் சிறிது மண்ணை இட்டுப் போகும். கொக்குகள் ஒற்றைக் காலில் தவங்கிடக்கும். கண்ணகை அம்மனின் வெம்மை நிலத்தில் இறங்கி நிற்கும் காலம் அது என்பார்கள். ஆண்டுக்கொருமுறை கதவு திறந்து, சடங்கு செய்து, கடைசி விடியலில் குளிர்த்தி பாடி அவளை ஆற்றினால்தான் நோய் அகலும், மழை இறங்கும்.

குளிர்த்தி முடிந்ததும் பூசகரான கப்புகனார் கும்பத்து நீரை வேப்பிலையால் தெளிப்பார். முதல் நீர் யார் தலையில் விழுகிறதோ அவரே அவ்வாண்டு ஊருக்கு முதல்வர். இம்முறை அதைப் பாலத்தடிப் பிரதீஸ் கேட்டிருந்தான்.

பாலத்தடியில் மணல் லொறிகளை மறித்துக் கப்பம் வாங்கித் தொடங்கியவன் அவன். பின்பு ஆற்றை விட்டுக் கடலுக்கு வந்தான். கதிரவெளிக் கரையில் இறங்கிய போதைப் பொதிகள் அவனது ஆட்கள் வழியே ஊர் ஊராகப் பரவின. அவனுக்கான கட்டளை மட்டும் கடல் கடந்த தேசமொன்றிலிருந்து தொலைபேசியில் வந்தது. பொதிகளைக் கண்டு பொலிசில் சொன்ன மீனவன் சிவதர்ஷன் வாவியில் பிணமாக மிதந்தான். சாட்சி சொல்ல ஒரு நாவும் எழவில்லை. அவன் மனைவி கேதீஸ்வரியின் வேலிப் படலையைக் கடக்கையில் ஊரார் தலை குனிந்துகொண்டார்கள். குனிந்த அந்தத் தலைகளை மிதித்தே பிரதீஸ் பெரியவனானான். சென்ற ஆண்டு அவன் கோயிலுக்குக் கூரை போட்டுத் தந்தபோது, கோயில் தலைவரான வண்ணக்கர் அழகரத்தினம், “ஆர் தந்தா என்ன, அம்மாள்தானே அனுப்புறா” என்று ஏற்றுக்கொண்டார்.

சடங்கின் இறுதி மாலையில், வேப்பிலை ஆய்ந்துகொண்டிருந்த கப்புகனார் வினாயகமூர்த்தியின் முன் பிரதீஸ் வந்து அமர்ந்தான்.

“மாமா, முதல் தண்ணி எனக்குத்தானே?”

“அது ஊர் தீர்மானிக்கிறது, மனே.”

“ஊர் தீர்மானிச்சிட்டு. வண்ணக்கர் ஓம் எண்டிட்டார்.” சிரித்தான். “உங்கட மேனுகா ஓட்டமாவடித் துணிக்கடையில இருந்து பின்னேர பஸ்ஸிலதானே வாறா? இறங்குற இடத்தில லைட்டும் இல்ல, பாவம். நம்மட பொடியனுகளப் பாத்துக்கொள்ளச் சொல்லுறன்.”

வினாயகமூர்த்தியின் விரல்களில் இலை அசையாது நின்றது.

வீட்டில் மகளிடம் சொன்னார். மேனுகா கைப்பையை இறக்கி வைத்துவிட்டு அவரருகே அமர்ந்தாள்.

“பேசாமத் தெளிச்சிட்டு வாங்க எண்டு சொல்லத்தான் வாய் வருகுது அப்பா. எனக்குப் பயம்தான், ஒளிக்கமாட்டன். ஆனா அவன்ட தலையில அந்தத் தண்ணி விழுந்தா, மறுகா கேதீஸ்வரியக்கா ஆரிட்டப் போய் அழுற?”

விடிந்தது. குளிர்த்திப் பாடல் அடங்கிற்று. வெண்பட்டு வேட்டியோடு பிரதீஸ் முன்வரிசையில் தலை தாழ்த்தி நின்றான். வினாயகமூர்த்தி கும்பத்தை ஏந்தினார். கொலையுண்ட கணவனுக்காக நீதி கேட்டு எரிந்தவளை ஆற்றிய நீர் இது. கொன்றவன் தலையில் இதை எப்படி வார்ப்பது? மேனுகாவின் முகம் நெஞ்சில் முள்ளாய்த் தைத்தது. ஆனாலும் கால்கள் பிரதீஸைக் கடந்து, பந்தலின் கடைசிக் காலருகே ஒதுங்கி நின்ற கேதீஸ்வரியிடம் போய் நின்றன.

“எனக்கு வேணாம் கப்புகனார்!” அவள் பின்வாங்கினாள்.

“நில்லுகா. இது நான் தாறதில்ல.”

நீர் அவள் உச்சியில் விழுந்தது. வண்ணக்கர் பிரதீஸின் பக்கம் திரும்பிப் பார்த்தார். கூட்டத்தில் ஆச்சிப்பிள்ளை என்பவள் குரவையிட்டாள், சேர்ந்துகொண்டவர் சிலரே.

பிரதீஸ் வேட்டியை மடித்துக் கட்டினான். “நல்லது மாமா. நாளைக்கும் பஸ் ஓடும்தானே?”

மறுநாள் பொழுது சாய, வினாயகமூர்த்தி கும்பத்தில் எஞ்சிய நீரோடு பஸ் நிற்கும் வெளிக்கு வந்தார். எதிரே, மோட்டார் சைக்கிள்களில் பிரதீஸின் ஆட்கள் இருவர் காத்திருந்தனர். அவர்களைப் பாராமல் புழுதியில் நீர் தெளித்து, ஓர் அகலை ஏற்றி, கச்சான் காற்றுக்கு மறைவாகக் கை குவித்து அமர்ந்தார். யாரும் அழைக்காமலே கேதீஸ்வரி வந்து அவரருகே நின்றாள். தூரத்தில் பஸ்ஸின் வெளிச்சம் தெரிந்தது. அவர் உதடுகள் மெல்ல அசைந்தன:

வாவி குளிர்க; வட்டை நெல் விளைக;
வாடிய கண்கள் நீதியைக் காண்க;
போன பிள்ளைகள் போன வழியே
பொழுதோடு திரும்பி வீடு சேர்க.
வாழி தாயே, வாழி!