டயருக்குப் பத்து மார்க்

ஈவ்லின் மிஸ் மார்க் போடுவதில் மகா கஞ்சம் என்று தாம்பரத்தில் பாதிப் பேர் சொல்வார்கள். முப்பது வருஷம் பெண்கள் பள்ளியில் பிசிக்ஸ் நடத்தியவர். விடையில் அலகு எழுத மறந்தால் அரை மார்க் போகும்; அதற்காக அழுதால் இன்னொரு அரையும் போகும் என்று பிள்ளைகள் நம்பினார்கள். ரிட்டயர் ஆன பிறகும் அந்தக் கை சும்மா இருக்கவில்லை. பழைய கார் வைத்திருப்பவர்களின் சங்கம் வருஷத்துக்கு ஒருமுறை நடத்தும் போட்டிக்கு நடுவராகப் போய் உட்கார்ந்துவிட்டார். ராஜகீழ்ப்பாக்கத்தில் அவர் வீட்டு ஷெட்டில் அப்பா ஓட்டிய ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் நின்றது. ஆகவே அவருடைய தகுதியைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை.

சங்கத்தின் மார்க் முறையை வகுத்ததும் அவர்தான். மொத்தம் நூறு, அதில் டயருக்கு மட்டும் பத்து. வண்டி வெளிவந்த காலத்து அளவு, தரையில் பதியும் பக்கத்தில் அந்தக் காலத்துப் பட்டன், ஒல்லியான நைலான் டயர் எல்லாம் சரியாக இருந்தால் பத்து. இன்றைய ரேடியல் டயர் மாட்டியிருந்தால் பூஜ்யம். நடுவில் ஒன்றும் கிடையாது. ரேடியல் மாட்டிய பழைய காரைப் பார்த்தால், "வேட்டி கட்டிட்டு ஸ்போர்ட்ஸ் ஷூ போட்ட மாதிரி இருக்கு" என்பார். சொல்லிவிட்டுச் சிரிக்கவும் மாட்டார்.

போன வருஷம் அந்தப் பூஜ்யத்தை வாங்கியவர் பீர்க்கன்கரணை மோகன்ராஜ். ஐஸ் கம்பெனி வைத்திருக்கிறார். அறுபது வருஷத்துக்கு மேலான தன் ஃபியட்டின் கதவுக் கைப்பிடி முதல் ஹாரன் வரை தேடித் தேடிச் சேர்த்தவர். மூன்று மார்க்கில் கப்பு கைநழுவிப் போனது.

"ரேடியல்தான் சேஃப்டின்னு மெக்கானிக் சொன்னாரு மேடம்" என்று அன்று அவர் கெஞ்சிப் பார்த்தார்.

"நான் சேஃப்டிக்கு மார்க் போடல, மோகன்ராஜ். ஒரிஜினலா இருக்கான்னுதான் பார்க்கிறேன்" என்றார் ஈவ்லின் மிஸ். நியாயமாகத்தான் பேசினோம் என்ற திருப்தியோடு அன்று வீட்டுக்குப் போனார்.

இந்த வருஷம் கார்கள் எல்லாம் தாம்பரத்தில் கிளம்பிக் கோவளத்தில் வந்து நின்றன. கோவளம் மோகன்ராஜ் பிறந்த ஊர். அவருடைய அக்கா செல்வம்மாள் இன்னும் அங்கே பஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் மீன் விற்கிறாள். கடலுக்குப் போகாமல் ஐஸ் விற்கப் போனவன் என்று ஒரு காலத்தில் அவரைக் கேலி செய்த தெரு, இன்று மொத்தமாக வேடிக்கை பார்க்க வந்திருந்தது. கப்பு வாங்காமல் அந்தத் தெரு வழியாகத் திரும்பிப் போவது அவரால் ஆகாத காரியம்.

ஃபியட்டின் முன்னால் வந்ததும் ஈவ்லின் மிஸ்ஸுக்கு உள்ளபடியே சந்தோஷமாக இருந்தது. கறுப்பு உடம்பு. கீழே ஒல்லியான நைலான் டயர்கள் நான்கு, பக்கவாட்டில் அகலமாக வெள்ளை வளையம். வண்டி ஷோரூமிலிருந்து அப்போதுதான் இறங்கியது போல இருந்தது.

"எங்க கிடைச்சது?"

"மூடிப்போன கடை ஒண்ணோட குடோன்ல மேடம். சுத்தின பேப்பரக்கூட பிரிக்கல. பட்டன் அப்படியே கீது, பாருங்க. இந்த சைஸ்ல புச்சா வார்த்து வெளிநாட்லருந்து வருதாம், ஆறு மாசம் ஆவும்னாங்க. அதுவரைக்கும் எவன் காத்துகினு இருப்பான்?"

ஈவ்லின் மிஸ் பத்து போட்டார். அந்த வருஷம் டயருக்கு அவர் போட்ட முதல் பத்து அதுதான். போட்ட கையோடு, அழகைக் கிட்டத்தில் பார்க்கலாம் என்று குனிந்தார். வெள்ளை வளையம் கொஞ்சம் தடிமனாகத் தெரிந்தது. பேனா முனையால் லேசாகத் தட்டினார். நகம் அளவுக்குப் பெயிண்ட் பெயர்ந்து விழுந்தது. அடியில் ரப்பர் முழுக்க மயிரிழை மயிரிழையாக வெடிப்பு.

"இந்தப் பெயிண்ட்?"

"நானே அடிச்சேன் மேடம். மூணு கோட்டு. லேசா கீறல் இருந்துச்சு, மூடிடுச்சு."

ரிம் ஓரத்தில் துடைத்துப் பார்த்தார். டயர் வார்த்த வாரத்தையும் வருஷத்தையும் எண்ணாகப் பொறித்திருப்பார்கள். இரண்டாயிரமாம் வருஷத்திலிருந்து அது நான்கு இலக்கம். அதற்கு முன்னால் மூன்று. இதில் மூன்றுதான் இருந்தது. எப்படிக் கணக்குப் போட்டாலும் கால் நூற்றாண்டுக்குக் குறையாது. ஒரு கிலோமீட்டர் ஓடாமலே கிழடாகிப்போன டயர். ரப்பர் சும்மா கிடந்தாலும் வயதாகும் என்பது அவருக்குத் தெரியாததில்லை. போன மாதம்தான், டப்பாவில் பத்திரமாக எடுத்து வைத்திருந்த புதுக் குக்கர் கேஸ்கெட் கையில் எடுத்ததும் ஒடிந்துபோனது.

"இதுல எப்படி மோகன்ராஜ் திரும்பிப் போவீங்க?"

"வந்தா மாதிரிதான். வர்றப்ப நா ஒண்டி, மத்த வண்டிங்க பின்னாடி முப்பதுல உருட்டிகினு வந்தேன். போறப்ப அக்கா, என் பொண்ணு, கொழந்த எல்லாம் வராங்க. ஈசிஆர் ரோட்ல ஒரு அழுத்து அழுத்தினாதான் அக்காவுக்கு நம்ம வண்டி இன்னான்னு தெரியும்."

"வேண்டாம். வேகத்துல போனா வெடிச்சிடும். ரேடியலைக் கொண்டுவரச் சொல்லி மாத்திடுங்க. இல்லன்னா வண்டிய லாரியில ஏத்துங்க."

"கப்பு வாங்கிட்டு வண்டிய லாரில ஏத்திகினு போனா தெருவே சிரிக்கும் மேடம்." மோகன்ராஜ் குரலைத் தாழ்த்தினார். "பத்து போட்டீங்களா, இல்லியா?"

"போட்டேன்."

"அப்புறம் இன்னா?"

ஈவ்லின் மிஸ் மார்க் தாளைப் பார்த்தார். பத்தை அடித்துவிடலாம். ஆனால் எந்த விதிப்படி அடிப்பது? காலத்துக்கு ஏற்ற டயர் வேண்டும் என்று கேட்டார், வந்திருக்கிறது. டயருக்கு எத்தனை வயது என்று அவருடைய விதியில் எங்கேயும் கேட்கவில்லை. சங்கச் செயலாளரிடம் போய்ச் சொன்னார். அவர், "அவங்கவங்க வண்டிக்கு அவங்கவங்கதான் பொறுப்பு மிஸ்" என்று சொல்லிவிட்டு மைக்கைத் தட்டிப் பார்க்கப் போய்விட்டார்.

மூன்று மார்க் வித்தியாசத்தில் ஃபியட்டுக்குத்தான் கப்பு என்று அறிவித்தார்கள். செல்வம்மாள் பக்கத்துத் தெரு வரைக்கும் கேட்கும்படி விசில் அடித்தாள். மோகன்ராஜ் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு மேடைக்கு நடந்தார். அவருடைய மகள் அஞ்சலி காரின் பின்சீட்டில் குழந்தையின் பையை வைத்து, துண்டை விரித்து, ஆறு மாதக் குழந்தைக்கு இடம் ஒழுங்கு பண்ணிக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்ததும் ஈவ்லின் மிஸ் பயந்துபோனார். இப்படிப் பயந்து அவருக்குப் பழக்கமும் இல்லை.

"அஞ்சலி, குழந்தைய எடுத்துட்டு நிழலுக்கு வாம்மா" என்றார். பள்ளிக்கூடத்துக் குரல் அது. அஞ்சலி ஏன் என்று கேட்காமல் இறங்கி வந்தாள்.

ஈவ்லின் மிஸ் கொண்டையிலிருந்து ஓர் ஊசியை உருவினார். புடவையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். வால்வு மூடியைக் கழற்றி, உள்ளே இருந்த முள்ளை ஊசியால் அழுத்தினார். காற்று சீறிக்கொண்டு வெளியே வந்தது. மேடையில் ஒருவருக்கொருவர் பொன்னாடை போர்த்திப் பேசிக்கொண்டே இருந்தார்கள், யாரும் இந்தப் பக்கம் திரும்பவில்லை. பொன்னாடைக்கு இப்படியும் ஒரு பயன் உண்டு. அடுத்துப் பின்சக்கரம். நான்கும் தேவையில்லை. வண்டியில் இருப்பது ஒரே ஒரு ஸ்டெப்னி, ஆகவே இரண்டு டயர் போதும் என்று அந்த நிலையிலும் கணக்குப் போட்டார்.

மோகன்ராஜ் கப்போடு வந்தபோது வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. பின்னால் தெருவே வந்தது.

"எந்தப் பொறம்போக்கு பண்ண வேல இது?"

"நான்தான்" என்றார் ஈவ்லின் மிஸ்.

மோகன்ராஜ் வாய் திறப்பதற்குள் செல்வம்மாள் முந்திக்கொண்டாள். "இன்னாம்மா நீ, படிச்ச பொம்பள பண்ற வேலையா இது? எந்தம்பி சந்தோசத்துல மண்ண அள்ளிப் போட்டுட்டியே!"

"திட்டுங்கம்மா. திட்டுறதுக்கு முன்னாடி இங்க ஒரு தடவ பாருங்க."

காற்றில்லாத டயர் வண்டியின் கனத்தில் மடங்கிக் கிடந்தது. மடிப்பில் வெள்ளைப் பெயிண்ட் செதில் செதிலாக உதிர்ந்திருந்தது. ரப்பர் விரல் நீளத்துக்கு வாய் பிளந்து, உள்ளே நைலான் நூல் தெரிந்தது. மோகன்ராஜ் குனிந்து அந்தப் பிளவில் விரலை வைத்தார். விரல் நுனி உள்ளே போனது. நிமிர்ந்து குழந்தையைப் பார்த்தார், பின்சீட்டில் விரித்திருந்த துண்டைப் பார்த்தார். மெதுவாகக் கப்பைத் தரையில் வைத்தார்.

"நீங்க கேட்டீங்கன்னுதானே மேடம் இத்த போட்டேன்?" என்றார்.

திட்டியிருந்தால் தாங்கிக்கொண்டிருப்பார். இதை ஈவ்லின் மிஸ்ஸால் தாங்க முடியவில்லை. "ஆமா. நான் கேட்டதுதான். தப்பாக் கேட்டேன்" என்றார்.

அஞ்சலிதான் பேசினாள். "கொழந்தைக்குப் பால் பவுடர் வாங்கினாக்கூட தேதி பாத்துதான் வாங்குறேன். டயர்ல தேதி இருக்கும்னு இன்னைக்குத்தான் தெரியுது." கொஞ்சம் நிறுத்திக் கேட்டாள்: "மிஸ், உங்க வண்டி டயர் எந்த வருஷம்?"

வம்புக்குக் கேட்கவில்லை அவள். உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். ஈவ்லின் மிஸ் திரும்பித் தன் வண்டியைப் பார்த்தார். காலையில் அவர் ஓட்டிவந்த ஹெரால்டு தூரத்தில் ஒரு புங்கமரத்தின் நிழலில் நின்றது. அந்த டயர்களை அவர் வாங்கி ஒன்பது வருஷம் ஆகிறது. வாங்கும்போது பேப்பர் பிரிக்காமல்தான் இருந்தன. அப்போது அளவையும் பட்டனையும் சரிபார்த்தார். எண்ணைப் பார்க்கவில்லை. ஞாயிறுதோறும் சர்ச்சின் ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகள் நாலு பேரை அந்தப் பின்சீட்டில் ஏற்றிக்கொண்டு, வேளச்சேரி ரோட்டில் பஸ்களுக்கு நடுவே ஓட்டிக்கொண்டு கோயிலுக்குப் போகிறவர் அவர். போன வாரம் பின்னால் உட்கார்ந்து அந்தப் பிள்ளைகள் பாடிக்கொண்டே வந்தார்கள்.

நடந்து போனார். கூட்டமும் பின்னாலேயே வந்தது. முன்சக்கரத்தின் முன்னால் உட்கார்ந்து, முந்தானையால் ரிம் ஓரத்தைத் துடைத்தார். மூன்று இலக்கம். அடுத்த சக்கரத்திலும் மூன்று.

ஈவ்லின் மிஸ் வால்வு மூடியைக் கழற்றி, வளைந்துபோயிருந்த அதே ஊசியை உள்ளே விட்டு அழுத்தினார். ஊசி நழுவி நழுவிப் போனது. மோகன்ராஜ் பக்கத்தில் வந்து குந்தினார்.

"குடுங்க மேடம், நா புடிக்கிறேன்" என்றார்.

இரண்டு வண்டிகளையும் அங்கேயே விட்டுவிட்டு அவர்கள் ஏறிய தாம்பரம் பஸ்ஸில் சாயங்காலக் கூட்டம் நெரிந்தது. செல்வம்மாள் மீன் கூடையைக் காலால் தள்ளி ஜன்னலோரம் இடம் பண்ணி, "மிஸ்ஸம்மா, இங்க குந்து" என்று ஈவ்லின் மிஸ்ஸைப் பிடித்து உட்காரவைத்தாள். மோகன்ராஜ் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார், கப்பு அக்குளில். ஊசி போன ஈவ்லின் மிஸ்ஸின் கொண்டை எப்போதோ சரிந்து தோளில் விழுந்திருந்தது. அஞ்சலி மடியிலிருந்த குழந்தை எட்டி அந்த முடியைப் பிடித்து இழுத்தது. வலிக்கத்தான் செய்தது. ஈவ்லின் மிஸ் தலையை இன்னும் கொஞ்சம் குழந்தையின் பக்கம் சாய்த்துக் கொடுத்தார்.