பையர் சொன்ன குளிர்

ஆமை புகுந்த வீடு உருப்படாது என்று சொன்னவன் ஆமையின் தரப்பைக் கேட்கவே இல்லை. அருள்புரத்தில் பனியன் கம்பெனி நடத்தும் தீனதயாளன் வீட்டுக்குள் அப்படி ஒன்று புகுந்தது. காதோரம் சிவப்புக் கோடு ஓடிய ஆமை. மகள் கிருத்திகா பிறந்தநாளுக்கு அடம்பிடித்து வாங்கியது. அவள் கையிலிருந்து மட்டுமே இரை எடுக்கும்.

கார்த்திகையில் ஒருநாள் வீடியோ காலில் பேசிய ஜெர்மன்காரர் பின்னாலிருந்த தொட்டியைப் பார்த்துவிட்டார். தன் ஆமை குளிர்காலம் முழுக்க ஃபிரிட்ஜில், ஐந்து டிகிரியில் உறங்கும் என்றார். அவர் சாதாரண ஆளல்ல, ஆர்டர் கொடுக்கும் பையர். பையர் அனுப்பிய சாம்பிளில் தையல் கோணலாக இருந்தால், அத்தனை பீஸையும் கோணலாகவே தைத்து அனுப்புவதுதான் தீனதயாளனின் தொழில் தர்மம்.

அன்றைக்கே ஆமையை அட்டைப் பெட்டிக்குள் வைத்தார்.

"வேண்டாங்கப்பா! அதெல்லாம் குளிர் நாட்டுக்குங்க. இங்கதான் தண்ணி வெதுவெதுன்னே இருக்குதல்லங்க, அது எதுக்குத் தூங்கோணும்? இப்பத்தான் வயிறு முட்டத் தின்னுச்சுங்க."

"பையரை விட உனக்குத் தெரியுமா கண்ணு?"

"செத்துப்போயிருமுங்க."

"அவரோடது சாகலையல்ல?"

பெட்டியை ஃபிரிட்ஜில் வைத்துப் பூட்டிச் சாவியை மேனேஜர் பெருமாள்சாமியிடம் கொடுத்தார். பெருமாள்சாமி தினமும் திறந்து பார்ப்பார்.

"அருமையாத் தூங்குதுங்க மொதலாளி. பொரளக்கூட இல்லீங்க."

தை மாதம் பையர் நேரிலேயே வந்தார். தீனதயாளன் பெட்டியைப் பிரித்துப் பெருமையாக நீட்டினார். ஜெர்மன்காரர் ஆமையின் காலை இழுத்தார். இழுத்த இடத்திலேயே நின்றது. மூக்கைப் பொத்திக்கொண்டு, உறங்க வைக்குமுன் பட்டினி போட்டு வயிற்றைக் காலி செய்தீர்களா, குளிரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினீர்களா என்று கேட்டார். தின்றது வயிற்றிலேயே அழுகிவிட்டது, செத்து நாளாகிறது என்றார். கையை நன்றாகக் கழுவிக்கொண்டு, காலர் அளவைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்.

கிருத்திகா விம்மினாள்.

"உள்ள போயி அழு," என்றார் அப்பா. "அவரு முன்னால மானத்தை வாங்காத."

சாம்பிள் ரிஜெக்ட் ஆனால் மாற்று சாம்பிள் காட்ட வேண்டும். மறுநாளே பெருமாள்சாமி இன்னொரு ஆமையோடு வந்து நின்றார்.

"அதே சைஸுங்க, அதே கலருங்க. பாப்பாவுக்கு வித்தியாசமே தெரியாதுங்க."

கிருத்திகா அதைப் பிடுங்கி நெஞ்சோடு சேர்த்துக்கொண்டாள். "இதையாவது உட்டுருங்கப்பா. தொட்டியிலயே கெடக்கட்டுங்க."

"தப்பைத் திருத்திக் காட்டலீன்னா அடுத்த ஆர்டர் எவன் குடுப்பான்? போட்டோ அனுப்பறேன்னு சொல்லிட்டேன். இந்தத் தடவை பட்டினி போட்டு, பதமா, அவரு சொன்னபடி." அவள் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கி ஆமையை எடுத்தார். "உங்கிட்ட இருந்தா தீனி போட்டுருவே."

தொட்டியைப் பின்னறைக்கு மாற்றிக் கதவைப் பூட்டினார்கள். கிருத்திகா வெளியே, கதவில் சாய்ந்து உட்கார்ந்தாள். உள்ளே நகங்கள் கண்ணாடியைக் கீறிக்கொண்டிருந்தன.

பெருமாள்சாமி காதைக் கதவில் வைத்துக் கேட்டார்.

"நல்ல பீஸுங்க," என்றார். "பசி தாங்குமுங்க."