கையசைக்காத வீடு

லூர்துசாமி அன்றைக்குக் காலையில் மூன்று சட்டை மாற்றினார். கடைசியில் முதலில் போட்ட வெள்ளைச் சட்டையையே எடுத்து மாட்டிக்கொண்டார். வயசு எழுபத்தைந்து. கடற்படையில் பதினைந்து வருஷம் நீர்மூழ்கிக் கப்பலில் உழைத்துவிட்டு, பென்ஷனோடு கடலூர் முதுநகரில் குடியிருக்கும் மனுஷனுக்கு, ஒரு பொம்பளையைப் பார்க்கப் போக இத்தனை ஆர்ப்பாட்டம்.

“பல் செட்டு மாட்டிக்கிட்டீங்களா? ரஷ்யாக்காரி முன்னாடி பொக்க வாயோட நிக்காதீங்க,” என்றாள் மனைவி லோகநாயகி, அடுப்படியிலிருந்து.

“சும்மா இரு லோகு. நான் போறேன்.”

“போறேன்னா சொல்லுவாங்க? நல்லா இருக்கு! போயிட்டு வரேன்னு சொல்லுங்க.” ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். “அம்பது வருஷமா மனசுல போட்டு வச்சிருக்கீங்க. எனக்குத் தெரியாதுன்னு நெனப்பு. போயி ஒழுங்கா பேசிட்டு வாங்க. வர்றப்ப என் சுகர் மாத்திரைய வாங்கியாங்க.”

“போயிட்டு வரேன்,” என்றார்.

முந்தின நாள்தான் போனில் சேதி வந்திருந்தது. நீனா சிதம்பரத்தில் இருக்கிறாள். அவள் பேத்தி வேரா பரதம் கற்றவள். சிவராத்திரி நாட்டியாஞ்சலியில் ஆட வந்தவள், பாட்டியையும் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறாள். பழைய கடற்படைக்காரர்களின் வாட்ஸப் குழுவில் யாரையோ பிடித்து இவர் நம்பரை வாங்கியிருக்கிறாள். நாளை மதியம் சென்னை ரயில், அதற்குள் பாட்டி உங்களைப் பார்க்க வேண்டும் என்கிறாள், என்று இங்கிலீஷில் எழுதியிருந்தாள்.

சிதம்பரம் பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தது. நீனாவிடம் சொல்ல வேண்டியது ஒன்றுதான்: ‘உன்னிடம் சொல்லாமல் வந்தது ஏமாற்றுவதற்காக அல்ல.’ அதை எப்படி ஆரம்பிப்பது என்றுதான் ஆலப்பாக்கம் தாண்டியும் புரிபடவில்லை. ஆரம்பித்தால் அவள் அப்பாவிடமிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

கேப்டன் பகோமோவ். இந்தியா வாங்கிய நீர்மூழ்கிகளை எழுபத்து மூன்றில் சோவியத்தின் ரீகா துறைமுகத்தில் ஒப்படைத்த அதிகாரி. யுத்தத்தின்போது இருபத்து நாலே வயதில் வடதுருவக் கடலில் ஒரு நீர்மூழ்கிக்குத் தலைவராக இருந்தவர். ஒன்பது தடவை போய் ஒன்பது தடவையும் திரும்பினார். அங்கே ஒரு வழக்கம்: எதிரிக் கப்பல் ஒன்றை மூழ்கடித்துவிட்டு வந்தால், துறைக்குள் நுழையும்போது பீரங்கி ஒரு வெடி வெடிக்கும், கரையில் விருந்துக்கு ஒரு பன்றிக்குட்டியைச் சுட்டு வைத்திருப்பார்கள். கேப்டனுக்கு நாலு குட்டி கிடைத்தது. நாலாவதை அவர் தொடவில்லை. தண்ணீரில் தத்தளித்த முகங்களைப் பெரிஸ்கோப்பில் பார்த்துவிட்டார். யுத்தம் முடிந்து ஒரு விருந்தில் இதை வாய்விட்டுச் சொல்லித் தொலைத்தார். அதோடு பதவி உயர்வு நின்றது. அவருக்குக் கீழே வேலை பார்த்தவர்களெல்லாம் அட்மிரல் ஆனார்கள், அவர் கடைசிவரை கேப்டன்தான்.

அவர் வீட்டில் ஒரு சட்டம் உண்டு. கடலுக்குப் போகிறவன் விடைபெறக் கூடாது. கட்டிப்பிடிக்கக் கூடாது, கையசைக்கக் கூடாது. யுத்தத்தில் பக்கத்துக் கப்பல் ஒன்று கிளம்பியபோது பெண்டாட்டிகளெல்லாம் துறைக்கு வந்து கையசைத்தார்கள். அந்தக் கப்பல் திரும்பவேயில்லை. அன்றிலிருந்து கேப்டன் கடைக்குப் போகிறவர் மாதிரி தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விடுவார். அவர் மனைவி சூப்புச் சட்டியை அடுப்பில் ஏற்றிவிட்டு, திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள்.

கப்பலை ஓட்டிவரப் போயிருந்த லூர்துசாமிக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த வீட்டில்தான் சாப்பாடு. நீனாவுக்கு இருபது வயது. எதிரில் உட்கார்ந்து உருளைக்கிழங்கு உரிப்பாள், அவர் ரஷ்யப் பேச்சைக் கேட்டு விழுந்து விழுந்து சிரிப்பாள். காதலா என்றால், காதல்தான், பின்னே என்ன? கப்பல் இந்தியாவுக்குக் கிளம்பிய காலையில் அவள் தெரு வழியாகத்தான் துறைக்குப் போனார். மாடிப்படி ஏறவில்லை. சொல்லாமல் போனால்தான் திரும்பி வரலாம் என்று அந்த மடையன் மனசார நம்பினான். அப்புறம் கடற்படை விடவில்லை, ஊரில் அப்பா விடவில்லை, கல்யாணம் ஆயிற்று. கடிதம் எழுதக் கை வரவில்லை.

கீழ வீதி லாட்ஜின் வரவேற்பறையில் ரப்பர் செருப்போடு உட்கார்ந்திருந்தாள் நீனா. வெயிலில் கால் வீங்கியிருந்தது. முடி முழுக்க வெள்ளை. சிரித்ததும் அதே நீனா. லூர்துசாமி ஒரு நாற்காலியை அவள் எதிரில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

மறக்காமல் மிச்சமிருந்த ரஷ்யச் சொற்களையும் இங்கிலீஷையும் கலந்துகட்டி, பஸ்ஸில் சேர்த்து வைத்ததை ஒரே மூச்சில் கொட்டினார். விட்டுப்போனதை வேரா மொழிபெயர்த்தாள்.

“எனக்குத் தெரியும்,” என்றாள் நீனா. “உன்மேல் எனக்குக் கோபமே வந்ததில்லை. எங்கள் வீட்டில் சொல்லாமல் போனவன் திரும்பி வருவான். அதனால் காத்திருந்தேன். எட்டு வருஷம்.”

“ஐயோ, நீனா.”

“நீ அன்றைக்கு மாடி ஏறி வந்து விடைபெற்றிருந்தால், அன்றைக்கே அழுது முடித்திருப்பேன்.”

இவர் பத்திரம் என்று நினைத்துச் செய்தது, ஒரு பெண்ணை எட்டு வருஷம் கட்டிப்போட்டிருக்கிறது. கேப்டன் எப்படிப் போனார் என்று மட்டும் கேட்டார்.

“எண்பத்தொன்பதில். ஆஸ்பத்திரியில் எங்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, கையைப் பிடித்து விடைபெற்றார். வாழ்க்கையில் முதல் தடவை. அம்மா ஒன்றும் பேசவில்லை. வீட்டுக்கு வந்து சூப்புச் சட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டாள்.”

ஆட்டோ பிடித்து ஸ்டேஷனுக்குப் போனார்கள். ரயில் இரண்டு நிமிஷம்தான் நிற்கும். நீனா ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். லூர்துசாமி கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். அந்த வீட்டு வழக்கப்படி ஒரு வார்த்தை பேசவில்லை. மாதாவே, இவளும் பேசாமல் போகட்டும் என்று வேண்டிக்கொண்டார்.

ரயில் நகர்ந்தது. நீனா நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். அப்பாடா, திரும்பவில்லை! எழுபத்தைந்து வயசில் அவருக்கு அப்படியொரு சந்தோஷம் வந்தது.

அப்போது அவள் திரும்பினாள். ஜன்னல் கம்பி வழியாகக் கையை நீட்டினாள்.

“ப்ரஷ்ஷாய், லூர்து!”

இனிமேல் பார்க்கப் போவதில்லை என்னும்போது மட்டும் அங்கே சொல்கிற சொல் அது. அதை அவர் மறந்திருக்கவில்லை. பிளாட்பாரம் முடிகிறவரை நீனா கையசைத்துக்கொண்டே போனாள். அவரும் கையைப் பிரித்து உயர்த்தினார். அதற்குள் கடைசிப் பெட்டியும் தாண்டிவிட்டது.

ஸ்டேஷன் வாசலில் மருந்துக்கடையைத் தேடிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது.

“கெளம்பிட்டாங்களா?” என்றாள் லோகநாயகி.

“கெளம்பிட்டா.”

“என்ன சொன்னாங்க?”

“போறேன்னு சொல்லிட்டா, லோகு.”



“சரி,” என்றாள் லோகநாயகி. “நீங்க வாங்க.”