ஜூன் மாதத்துப் பிள்ளைகள்

எங்கள் தொடக்கப் பள்ளிக்கு இந்த வருடம் நூறு வயது. நூற்றாண்டு மலருக்கு வரலாறு எழுதும் வேலையைத் தலைமையாசிரியை ரேவதி என் தலையில் கட்டிவிட்டார். ஓய்வு பெற்றவனுக்கு வேறென்ன வேலை என்ற நினைப்பு. இருபத்தெட்டு வருடம் அங்கேயே குப்பை கொட்டியவன் என்பதால் நானும் தலையாட்டினேன்.

பழைய சேர்க்கைப் பதிவேட்டைப் புரட்டினால் சிரிப்பு வரும். ஊரில் பாதிப் பிள்ளைகள் ஜூன் மாதத்தில்தான் பிறந்திருக்கிறார்கள். ஐந்து வயது நிரம்பினால்தான் ஒன்றாம் வகுப்பு. நிரம்பாதவர்களுக்கு நாங்களே ஒரு ஜூன் தேதியைப் போட்டுவிடுவோம். 1998ஆம் வருடப் பக்கத்தில் என் சிரிப்பு நின்றுவிட்டது. அருணாதேவி, ஜூன் 1. என் கையெழுத்து.

அந்த வருடம் கணக்கில் ஒரு பிள்ளை குறைந்தது. எண்ணிக்கை வராவிட்டால் இரண்டாவது ஆசிரியரை வேறு ஊருக்கு மாற்றிவிடுவார்கள். இரண்டாவது ஆசிரியர் நான்தான். ஜவ்வாது மலைக்குத் தூக்கியடித்துவிடுவார்களோ என்று பயந்து, பிள்ளை பிடிக்க அருணாதேவியின் அம்மா காசியம்மாள் வீட்டுக்குப் போனேன்.

"கார்த்திக தீபத்துக்கு மறுநாள் பொறந்தா சார். இன்னும் அஞ்சு ஆவலியே" என்று அவர் தெளிவாகத்தான் சொன்னார். நான் ஜூன் என்று எழுதிக் கைநாட்டு வாங்கிக்கொண்டேன்.

மலருக்குப் பழைய போட்டோ கிடைக்குமா என்று கேட்கக் கடந்த வாரம் கிரிவலப் பாதையில் அவருடைய டீக்கடைக்குப் போனேன். அருணாதேவி நாற்காலியைத் துடைத்துப் போட்டாள்.

"எஸ்.ஐ. பரீட்சைக்குப் படிச்சியேம்மா, என்னாச்சு?"

"வயசு ஒரு மாசம் ஜாஸ்தியாயிடுச்சு சார். எழுதவே வுடல. எல்லாம் இவங்களாலதான். பெத்த தேதிய ஒழுங்கா சொல்லத் தெரியல."

காசியம்மாள் டம்ளர் கழுவிக்கொண்டிருந்தார். "ஆமா, தப்பா சொல்லிட்டேன். எத்தினி வாட்டிதான் சொல்லிக் காட்டுவ?" என்றார். என் பக்கம் திரும்பவே இல்லை.

எனக்குக் கொடுத்த டீயைக் குடிக்காமல் கீழே வைத்தேன். அருணாதேவி பால் வாங்கப் போனதும், "நான் எழுதினதுன்னு ஏம்மா அவகிட்ட சொல்லல?" என்று கேட்டேன்.

"சார்னா அவளுக்கு உசுரு. என்னைத் திட்னா வூட்டோட போயிடும். வுடுங்க சார்."

அவர் அப்படிச் சொன்னதும் எனக்கு அப்பாடா என்றிருந்தது. அதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது. எழுந்து போயிருக்கலாம், செருப்பைக்கூட மாட்டிவிட்டேன். ஆனால் போக முடியவில்லை. அவள் திரும்பி வந்ததும் பணியிடம், பயம், ஜூன் தேதி எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் என்னைப் பார்க்கக்கூட இல்லை. அம்மாவின் ஈரக் கையைப் பிடித்துக்கொண்டு, "ஆறு மாசமா திட்டித் தீத்தேனேம்மா! ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?" என்று அழுதாள்.

காசியம்மாள் அப்போதும் என்னிடம், "டீ ஆறிப்போச்சே சார், வேற போட்டுத் தரட்டா?" என்றார்.