தலை தட்டாத கை

அரிசியில் முப்பது ரகத்தைத் தொட்டுப் பார்த்தே பெயர் சொல்லிவிடுவார் அரிசிக்கடைப் பொன்னுத்துரை. ஆனால் அய்யூப் பாய் தன் துப்பாக்கிக் கடை மேசையில் பரப்பிவைத்த பித்தளைச் சாமான்களில் ஒன்றுகூட அவருக்கு விளங்கவில்லை.

பசுந்தாங் ஓடைக்கு அக்கரையில் அவருக்கும் தம்பி செல்லையாவுக்கும் கொஞ்சம் வயல் இருந்தது. கதிர் பிடிக்கிற நேரம் பார்த்துக் காட்டுப்பன்றி புகுந்து உழுதுவிட்டுப் போனது. தம்பியிடம் லைசென்சு துப்பாக்கி உண்டு, தோட்டா இல்லை. கப்பல் வந்தால்தான் சீமைத் தோட்டா. சுட்டுப்போட்ட கூடுகளில் வீட்டிலேயே மருந்து அடைக்கலாம் என்று கேள்விப்பட்ட செல்லையா, அண்ணனைச் சாமான் வாங்க அனுப்பிவிட்டான். அளக்கிற வேலைக்கு அண்ணன் கையைவிட்டால் வேறு கை ஏது?

"இது கூட்டுக்கு அடியில இருக்கிற பழைய கேப்பை, அந்த வெடிப்பொட்டை, தட்டி எடுக்கிறது. இது புதுக் கேப்பை உக்கார வைக்கிறது. இது கூட்டோட வாயை மடிக்கிறது. இந்தக் கரண்டி கருமருந்துக்கு, இது புகையில்லா மருந்துக்கு. தராசு வேணும்னாலும் இருக்கு" என்றார் அய்யூப்.

"ரெண்டும் கரண்டிதானே பாய்? பெரிசையே குடுங்களேன்."

"உங்க தம்பி வாங்கி வச்சிருக்கிறது புகையில்லா மருந்து, மொதலாளி. அது வீரியம். கொஞ்சம் போதும். அதான் சின்னது."

வீரியம் கூடினால் கரண்டி சின்னதா? பொன்னுத்துரை பெரியதை எடுத்தார், வைத்தார், சின்னதை எடுத்தார், அதையும் வைத்தார். தராசைப் பார்த்ததும் ரோஷம் வந்துவிட்டது. இருபது வருஷமாக ஊருக்கே அளந்து போடுகிறவனுக்குத் தராசு எதற்கு? சின்னக் கரண்டியைக் கட்டச் சொன்னார்.

"மேல குவிஞ்சு நிக்கிறதை வழிச்சுவிட்டு, தலை தட்டி அளங்க மொதலாளி" என்றார் அய்யூப். எந்தச் சாமான் தட்டுகிறது, எது மடிக்கிறது என்று மனசுக்குள் பாடம் படித்துக்கொண்டிருந்த பொன்னுத்துரை அதற்கும் தலையாட்டி வைத்தார்.

மறுநாள் காலை பன்னிரண்டு தோட்டா முடிப்பதற்குள் வேர்த்துக் கொட்டிவிட்டது. மருந்து, தக்கை, ரவை, மறுபடி தக்கை. கூட்டின் வாய் மடிய மாட்டேன் என்றது. நெஞ்சைக் கொடுத்து அழுத்தினார்.

"சீமைச் சாமான் லட்சணத்தைப் பாரு!" என்று மனைவி கனகாம்பாளிடம் சலித்துக்கொண்டார். தோட்டாக்களோடு செல்லையா மதியம் படகேறினான்.

சாயங்காலம் வேலம்மா அரிசி வாங்க வந்தாள். அவர் படியில் அள்ளிப் போட்டதும் சிரித்தாள். "எல்லாக் கடையிலும் தலையைத் தட்டுறாங்க. உங்க கை மட்டும் கும்பாச்சியாத்தான் அள்ளும்."

பொன்னுத்துரையின் கை அப்படியே நின்றது. காலையில் தட்டினோமா? தட்டியது போலவும் இருந்தது, தட்டாதது போலவும் இருந்தது. கடைச் சாமானை முதலில் தொடும்போதே அவருடைய தகப்பனார் கற்றுக்கொடுத்த முறை அது: தலை தட்டுகிறவன் கஞ்சன். மாடிக்கு ஓடிப்போய்ப் பித்தளைக் கரண்டியை எடுத்துவந்தார். கண்ணை மூடிக்கொண்டு அரிசியில் விட்டு அள்ளினார். திறந்து பார்த்தால் கரண்டிமேல் கோபுரம் நின்றது.

"கடையைப் பாத்துக்க!" என்று மனைவியிடம் கத்திவிட்டு ஓடினார்.

சம்பான் படகு நடு ஓடையில் போகும்போது அக்கரையில் வெடிச்சத்தம் கேட்டது. முருகா, அவன் கண்ணை மட்டுமாவது விட்டுவை என்று வாய்விட்டே அழுதார். ஒருவேளை தட்டியிருப்போமோ என்று அப்போதும் ஒரு மனசு கிடந்து குழம்பியது.

செல்லையா வரப்பில் நின்று பல்லைக் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தான். இரண்டு கண்ணும் இருந்தன. இரண்டு கையும் இருந்தன.

"அண்ணே! ஒரே வெடி, பன்னி காலி! தோள்பட்டைதான் கழண்டு போச்சு. உன் கைராசிக்கு ஈடு கெடையாது!"

"மிச்சத்தைக் குடு."

"ஏன்?"

பதம் போன மருந்து என்று சொல்லிவிடலாம். நாக்கு நுனிவரை வந்தது. "கும்பாச்சியா அளந்துட்டேன்டா. உன்னைக் கொல்லப் பாத்தேன்" என்றார்.

செல்லையா முதலில் சிரித்தான். பிறகு துப்பாக்கிக் குழாயின் அடிப்பக்கத்தை விரலால் தடவினான். ஓரிடத்தில் விரல் நின்றது. இரும்பு அங்கே புடைத்திருந்தது. அவன் முகத்தில் சிரிப்பு அடங்கியது. மிச்சம் பதினொரு தோட்டாவையும் எடுத்து அண்ணனிடம் கொடுத்தான்.

"குழாய் ஏன் புடைச்சிருக்குன்னு யாராவது கேட்டா, உள்ள மண்ணு அடைச்சிருந்துச்சு, நான் பாக்காமச் சுட்டுட்டேன்னு சொல்லுவேன்" என்றான். "நீ வாயைத் தெறக்காதே. உன் கையைப் பத்தி ஊர்ல ஒரு பய பேசக்கூடாது."

பொன்னுத்துரை சேற்றிலேயே உட்கார்ந்து அழுதார்.