கன்னையா மூடச் சொன்னது

பக்கத்து வீட்டுக் கன்னையா பக்கவாதம் வந்து ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியபோது வலது கையும் காலும் விழுந்திருந்தன. பேச்சும் போயிருந்தது. போர்ட் கிள்ளானில் கண்டெய்னர் லோரி ஓட்டியவர், தாமான் குடியிருப்பு முழுக்கக் கேட்கிற மாதிரிப் பேசிய மனுஷன். அவரிடம் மிச்சமிருந்தது ஒரே ஒரு சொல். ‘மூடு.’

அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு அவர் மனைவி சீதாலெட்சுமி பட்ட பாட்டை வேலிக்கு இந்தப் பக்கமிருந்து பார்த்தவள் நான். பார்த்தவள் என்ன, பாதி நேரம் அந்த வீட்டுக்குள்தான் கிடந்தேன். வேலையிலிருந்து ஓய்வு பெற்று, பிள்ளைகளும் ஆளுக்கொரு திசையாகப் போன பிறகு எனக்கு வேறு என்ன வேலை?

அவரை மாடிக்குத் தூக்க முடியாது என்று கீழே முன்னறையில் கட்டில் போட்டார்கள். கிள்ளான் வெயிலில் அந்த அறை அடுப்பு மாதிரி. படுத்த முதுகு புண்ணாகிவிடும் என்று பயந்து, பிரிக்பீல்ட்ஸில் இருக்கும் மகள் ஷாமினி ஆளை அனுப்பி ஏர்கோன் போட்டாள். உள்ளே இருந்தது பரம சாது, மூச்சுக்கூட விடாது. வெளியே வைக்கிற பெட்டியை மட்டும் சுவரில் மாட்டச் சோம்பல்பட்டு, ஜன்னலுக்கு நேர் எதிரே புல்லில் சிமெண்டுக் கல் போட்டு உட்கார வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். தினமும் கன்னையா அதன் முகத்தில்தான் விழிக்க வேண்டியிருந்தது.

அவர் ‘மூடு’ என்றதும் சீதா கதவை மூடினாள். இல்லை என்று தலையாட்டினார். தண்ணீர்ப் பானையை, பவுடர் டப்பாவை, எதிர்ப்பட்டதையெல்லாம் மூடிப் பார்த்தாள்.

“ஒருவேளை என் வாயத்தான் மூடச் சொல்றாரோ, டொரத்தி?”

“கல்யாணமானதுலேர்ந்து நடக்காதது இப்பவா நடக்கப் போவுது?” என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. இடது கையைச் சிரமப்பட்டுத் தூக்கி ஜன்னலைக் காட்டினார். சீதா திரையை இழுத்துவிட்டாள். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. மறுபடி திறந்தாள். விரல் நேராக அந்தப் பெட்டியைக் காட்டியது. “மூடு.”

அன்றைக்கு அவளுக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது.

“வெளிய பாக்கணும், ஆனா அந்தப் பொட்டி கண்ணுல படக்கூடாது. அதத்தான் சொல்றாரு. சனியன், அவரு கண்ண உறுத்துது போல.” பிறகு குரலைத் தாழ்த்தினாள். “மனுஷன் தூங்கவே மாட்டேங்குறாரு, டொரத்தி. எப்பப் பாத்தாலும் முழிச்சே கெடக்குறாரு. கேக்குறது ஒண்ணே ஒண்ணு. அதச் செஞ்சு குடுத்துட்டா நிம்மதியா தூங்குவாரு.”

அந்த ஞாயிற்றுக்கிழமை ஷாமினியும் அவளும் சுங்கைபூலோ நர்சரிக்குப் போய்க் கார் நிறையச் செடி வாங்கி வந்தார்கள். காற்று போக இரண்டடி விட்டு நடச் சொல்லி அனுப்பியிருந்தார் நர்சரிக்காரர். பெட்டிக்கு முன்னால் மரச் சட்டங்களால் ஒரு தட்டி. அதைச் சுற்றி அரைவட்டமாகக் குரோட்டன், அதற்கு முன்னால் சிவப்புச் செம்பருத்தி, இடையில் வெள்ளைக் கூழாங்கல். என் பங்குக்கு நானும் நாலு கொப்பு ஒடித்துக் கொடுத்தேன். பார்த்தால் ஹோட்டல் வாசல் தோற்றது. கட்டில் தலைமாட்டை உயர்த்தி அவருக்குக் காட்டினார்கள்.

“நல்லாருக்காப்பா?” என்று ஷாமினி கேட்டாள்.

அவர் பூவையெல்லாம் பொறுமையாகப் பார்த்தார். பிறகு, “மூடு” என்றார்.

சட்டங்களுக்கு நடுவே இன்னும் தெரிகிறது போல என்று நினைத்தோம். இடைவெளியில் பாண்டான் செடி வந்தது. பக்கவாட்டில் பெரணி வந்தது. இரண்டடி ஓரடியாகி, பிறகு அதுவும் இல்லாமல் போனது. பெட்டி கக்கிய அனலில் முன்வரிசை இலைகள் கருகின. கருகியதைப் பிடுங்கிவிட்டுப் புதிதாக நட்டாள் சீதா. வெயிலில் குந்தி மண் கிளறி அவள் முழங்கால் வீங்கிவிட்டது. பெட்டி வேறு நாளுக்கு நாள் சளி கட்டிய தொண்டை மாதிரி உறுமத் தொடங்கியது. என் சமையலறை வரைக்கும் கேட்டது. மட்டமான மெஷினைத் தலையில் கட்டிவிட்டான் என்று கடைக்காரனைத் திட்டித் தீர்த்தோம்.

கன்னையா இடது கையால் கட்டில் கம்பியைத் தட்டித் தட்டிச் சொல்வார். “மூடு. மூடு.” ஒருநாள் ஷாமினி வாசலில் காருக்குள் உட்கார்ந்து அழுதாள்.

“இன்னும் எவ்ளோதான் ஆன்டி மூடுறது? அந்தப் பொட்டியே தெரியல லா.”

தீபாவளி கழிந்ததும் இரண்டாவது முறை வாதம் வந்தது. டாக்டர்கள் வீட்டுக்குக் கொண்டு போகச் சொல்லிவிட்டார்கள். கண் பாதி திறந்திருந்தது. நெஞ்சு ஏறி இறங்கியது. அந்த ஒரு சொல்லும் போய்விட்டது.

அவரோடு லோரி ஓட்டிய ஜெயராஜ், சேதி கேட்டு ஜோகூரிலிருந்து வந்தார். கட்டிலருகே நாற்காலியை இழுத்துப் போட்டுக் கூட்டாளியின் கையைப் பிடித்துக்கொண்டு பழைய கதைகளைச் சொன்னார். வெளியே பெட்டி உறுமியது. குரலை உயர்த்திப் பார்த்தார். முடியவில்லை. எரிச்சலோடு திரும்பினார்.

“அத மூடும்மா. பேசுறது காதுல விழ மாட்டேங்குது.”

ஷாமினி திகைத்தாள். “மூடித்தானே அங்கிள் வச்சிருக்கோம். சுத்தியும் செடி...”

“செடி எதுக்கு? சுவிட்ச மூடு. எங்க லோரி யார்டுல அப்படித்தாம்மா சொல்லுவோம். மேனேஜர் மலாய்க்காரரு, எதுக்கெடுத்தாலும் துத்துப், துத்துப்ம்பாரு. மலாய்ல கதவ மூடுறதுக்கும் அதான், எஞ்சின நிறுத்துறதுக்கும் அதான். எங்களுக்கும் அதே பழக்கம். லைட்ட மூடு, ரேடியோவ மூடு, எஞ்சின மூடு.” கன்னையாவின் கையைத் தட்டிக் கொடுத்தார். “ராத்திரி லோரியிலயே படுத்துக்குவோம். பக்கத்துல எவனாச்சும் எஞ்சின ஓடவிட்டான்னா இவனுக்குத் தூக்கம் வராது. எறங்கிப் போயி, மூடுடான்னு சண்ட போடுவான்.”

வீட்டில் அவர் எங்களைப் போல ‘ஆஃப்’ என்றுதான் சொல்வார். வாதம் வீட்டுப் பேச்சை முழுக்க வாரிக்கொண்டு போய், யார்டுப் பேச்சில் ஒரு சொல்லை மட்டும் விட்டுவைத்திருக்கிறது. அது எங்களுக்கு எப்படித் தெரியும்? தெரியாதுதான். ஜன்னலுக்கு வெளியே ஓயாமல் ஒரு எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, நிறுத்தச் சொல்லிக் கெஞ்சியவருக்கு நாங்கள் பூச்செடி நட்டுக் காட்டியிருக்கிறோம்.

சீதா ரிமோட்டை எடுத்து அமுக்கினாள். உறுமல் இழுத்து இழுத்து நின்றது. தெருக்கோடியில் யாரோ வாசல் கூட்டுகிற சத்தம் கேட்டது. அவள் குனிந்து அவர் காதில் சொன்னாள்.

“மூடிட்டேங்க. எஞ்சின மூடிட்டேன். இப்ப தூங்குங்க.”

அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. அவள் காத்திருந்து பார்த்தாள். பிறகு என்ன நினைத்தாளோ, மறுபடி ரிமோட்டை அமுக்கினாள். பெட்டி உறுமத் தொடங்கியது.

“ம்மா, என்னம்மா பண்றீங்க?” என்று ஷாமினி ஓடி வந்தாள்.

சீதா அவளைத் திரும்பியும் பார்க்கவில்லை. விரலைப் பொத்தான் மேல் தயாராக வைத்துக்கொண்டு அவருடைய உதட்டையே பார்த்தாள்.

“சொல்லுங்க. இப்ப ஒரே ஒரு தடவ சொல்லுங்க, ஒடனே மூடிர்றேன்.”

பெட்டி ஓடிக்கொண்டே இருந்தது. அவர் மூடச் சொல்லிக் கேட்கவில்லை.